ஆறு மாதமா, ஒரு வருடமா

1

நான் குடியிருக்கும் ஊரில் மாடிப்படி கழுவுவதற்கும் முறை வைத்திருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் இது. எங்கள் கட்டடத்தில் ஆறு குடித்தனங்கள். இந்த வாரம் யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். தொங்கிவிட்டால் காய்ச்சலோ தலைவலியோ, படியைக் கழுவித்தான் ஆகவேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் போடிநாயக்கனூரில் இப்படி ஒரு பலகையை மாட்டினால், மறுநாள் காலையில் முதலில் காணாமல் போவது அந்தப் பலகையாகத்தான் இருக்கும்.

போன மாதம் எங்கள் முறை வந்தது. சனிக்கிழமை காலை துடைத்துக்கொண்டே இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். அங்கே குடியிருக்கும் ஹில்டா அம்மாள் கதவைத் திறந்தார். பள்ளியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். சோப்புத் தண்ணீர் சொட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! ஆனால் நீங்கள் ஏன் வரவில்லை?"

"எங்கே?"

"நகராட்சி மண்டபத்துக்குத்தான். வியாழக்கிழமை குடியுரிமை விழாவில் நான் புல்லாங்குழல் வாசித்தேன். உங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேசிய கீதத்தை ஒரு வரி விடாமல் பாடினார்."

வேறு யாராவது இந்தியராக இருக்கும் என்று சொன்னேன். "என் தலைக்கு மேலே இத்தனை வருடம் நடக்கிற மனிதரை எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பாவம், நல்லது சொல்ல வந்த அம்மாள். ஏதோ அடுப்பில் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை கம்பெனியில் பெரிய மீட்டிங் என்று சொல்லிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் கிளம்பினார். அந்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததே நான்தான். மீதிப் படிகளையும் கழுவி முடித்தேன். பலகை நம் கதவில் தொங்கும்போது உட்கார்ந்து அழவும் இந்த ஊரில் வழியில்லை.

2

நாங்கள் யார், இதில் என்ன இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்துப் பெண். இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, பக்கத்து ஊர்ச் சிலமலைக்காரர். பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒரு இயந்திரக் கம்பெனி மூலம் இங்கே வந்தவர். மகள் யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறினோம். இப்போது அவள் வடக்கே ஒரு நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே இருவரும் பேசி ஒரு முடிவு எடுத்திருந்தோம். இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் பாஸ்போர்ட்டை மாற்றுவதில்லை. இந்தியா இரண்டு குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. இதை எடுத்தால் அதை விடவேண்டும். நீண்டகால விசாவிலேயே காலத்தை ஓட்டிவிட்டு, மகள் தலையெடுத்ததும் ஊருக்குப் போய்விடவேண்டும். போடி மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கச் சரிவில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் உண்டு. அவருக்குப் பிறகு அது எனக்கும் என் தம்பி குமரேசனுக்கும் வந்தது. தம்பிக்குப் போடியில் கடை இருக்கிறது. தோட்டத்தையும் கடையையும் சேர்த்து அவனால் பார்க்க முடியவில்லை. "யாராச்சும் வந்து மலையில ஒக்காந்தாத்தான்க்கா தோட்டம் நிக்கும்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அங்கே சொர்க்கம் காத்திருக்கிறது என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும், கரண்டு போனால் எப்போது வரும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது. ஆனாலும் அது என் பங்கு மண். அதனால் முதலில் ஒரு காய் எடுப்புக் காலம் முழுக்க இருவரும் போய் இருந்து பார்ப்பது, சரிப்பட்டால் அப்படியே தங்கிவிடுவது என்று திட்டம்.

இங்கேதான் விசா வருகிறது. இந்த நாட்டில் நீண்டகால அனுமதி அட்டையில் இரண்டு வகை. ஒன்றை வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது செல்லாமல் போய்விடும். இன்னொன்றில் ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு வருடம் வரை இருக்கலாம். விவரம் தெரியாத காலத்தில் நாங்கள் முதல் வகையை வாங்கி வைத்திருந்தோம். ஏலக்காய் எடுப்போ ஆடியில் தொடங்கினால் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரே செடியில் திரும்பத் திரும்பக் காய் முற்றும். ஜெர்மன் சர்க்காரின் ஆறு மாதத்துக்குள் அடங்க அதற்குச் சட்டம் தெரியாதே. ஆகவே ஒரு வருட அட்டைக்கு மாறவேண்டும். எங்கள் வீட்டில் விண்ணப்ப வேலை எல்லாம் என் தலையில்தான். இருவருக்கும் சேர்த்து ஆறு மாதமா, ஒரு வருடமா என்று படித்து, கேட்டு, காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அலுவலகங்களோடு எனக்குப் பழைய பகை. தொடக்கத்தில் ஓர் அதிகாரி, உங்கள் வாழ்க்கையின் நடுமையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் சொன்ன ஜெர்மன் வார்த்தையில் பாதி, மளிகைச் சாமானுக்கு உள்ள வார்த்தை. நான் மிகுந்த பணிவோடு, ரயிலடிக்கு எதிரே உள்ள துருக்கிக்காரர் கடையில் என்று பதில் சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். அப்படிச் சேர்ந்து சிரித்த மனிதர்தான் அவர்.

3

என் கோபம் சரியாகப் புரிய வேண்டுமானால், எங்கள் ஊர் ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பும். பெரும்பாலும் பெண்கள். இடுப்பில் சாக்கு, தூக்குவாளியில் சோறு. ஒவ்வொரு ஜீப்புக்கும் வாடிக்கையான ஆட்கள் உண்டு. ஒருத்தி வரவில்லை என்றால் ஜீப் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார், ஒருவர் இறங்கி அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போவார். அதற்குள் மற்ற ஜீப்புகள் முந்திக்கொள்ளும். சோதனைச் சாவடியில் வரிசை நீளும். தோட்டத்துக்குப் பிந்திப் போனால் மொத்தப் பேருக்கும் ஏச்சு.

அதனால் ஒரு கட்டு உண்டு. வரமுடியாதவள் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். உடம்பு முடியவில்லை, விசேஷ வீடு, வேறு தோட்டத்தில் கூப்பிட்டார்கள், என்ன காரணமானாலும் சரி, யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொல்லாமல் வீட்டில் படுத்துக்கொண்டு ஜீப்பைக் காக்க வைத்தவளுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. மறுநாள் அவள் வந்து நின்றால் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கமாட்டார்கள்.

என் மாமியார் பேச்சியம்மா அந்த ஜீப்பில் போனவர். பல வருடம் மலை ஏறி இறங்கி, எங்கள் அப்பா தோட்டத்திலும் சில காலம் காய் எடுத்து, மகனைப் படிக்க வைத்தவர். இரண்டு குடும்பமும் தூரத்து உறவு. பையன் படித்தவன், கெட்ட பழக்கம் இல்லாதவன் என்று எங்கள் அப்பா தேடிப்போய்ச் சம்பந்தம் பேசினார். ஆக, ஜீப்புக் கட்டு என்னவென்று என் வீட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

4

அன்று மத்தியானம் அவர் கடைக்குப் போய்விட்டுப் பையோடு வந்தார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

"வியாழக்கெழம எங்க போனீங்க?"

"அதான் சொன்னேனே, கம்பெனி மீட்டிங்கு."

"மீட்டிங்குல புல்லாங்குழல் வாசிச்சாகளாக்கும்?"

பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தக்காளியையும் வெங்காயத்தையும் எடுத்துக் கூடையில் போட்டார். அப்புறம் எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் தனம்."

"எப்ப? நான் போடியில போயி எறங்குன பெறகா?"

"இந்த பாஸ்போர்ட்டு இருந்தா எத்தன வருசம் வேணும்னாலும் வெளிய இருக்கலாம். ஒன்ன மாதிரி மாசத்த எண்ணிக்கிட்டுக் கெடக்க வேணாம். நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

"நல்லதுன்னா சொல்லிட்டுச் செய்யவேண்டியதுதான? ஒளிஞ்சு ஒளிஞ்சா செய்வாக?"

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அந்தப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு இந்த ஆறு மாதம், ஒரு வருடம் என்ற தொல்லையே கிடையாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் ஊருக்குப் போய் நெடுநாள் இருக்கத் திட்டம் போட்ட மனிதரின் முகமாக இல்லை.

"நெசத்தச் சொல்லுங்க. ஊருக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"இல்ல" என்றார்.

அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தெளிவாக. பிறகு அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"ஒங்க அப்பா தோட்டத்துல எங்க ஆத்தா சாக்கைக் கட்டிக்கிட்டு மழையில குனிஞ்சு நின்னுச்சு தனம். சாயங்காலம் வந்து கால்ல அட்டை கடிச்ச எடத்துக்குச் சுண்ணாம்பு வப்பேன், நாந்தான் வப்பேன். அதே தோட்டத்துல நான் போயி மொதலாளின்னு நாற்காலி போட்டு ஒக்காரணுமா? காய் எடுக்க வர்ற பொம்பளைக எல்லாம் பேச்சியம்மா மகன், மாமனார் சொத்துல ஒக்காந்துருக்கான்னுதான் பேசுவாக."

"பேசுனா பேசிட்டுப் போறாக."

"ஒனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு."

நியாயம்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மலையில் கட்டப்போகிற வீட்டுக்குச் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கவேண்டும் என்று சொன்னவர் இவர். மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி எங்கே கட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போட்டுக் காட்டியவர் இவர். நான் களைத்து வந்து, இந்த வேலையே வேண்டாம் என்று அழும்போதெல்லாம், "கொஞ்ச நாளுதான, ஊருக்குப் போயிருவோம்ல" என்று தலையைத் தடவியவர் இவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பனிக்காலத்தைத் தள்ளியிருக்கிறேன்! அத்தனையும் எனக்குக் காட்டிய பொம்மலாட்டமா? வரப் பிடிக்காததற்கு எனக்குக் கோபமே இல்லை. நான் ஏமாந்தேன்; அதுவும் என் வீட்டுச் சோற்று மேசையிலேயே ஏமாந்தேன். அதுதான் நெஞ்சு ஆறவில்லை.

"ஒங்க ஆத்தா ஒரு நாளாச்சும் சொல்லாம நின்னு ஜீப்பக் காக்க வச்சிருக்கா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்துபோய் உலையை வைத்தேன். கோபம் என்றால் பட்டினி போடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

5

மகளுக்குப் போன் போட்டேன். அவளாவது பதறுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நீ ரொம்ப எமோஷனல் ஆகுற. அப்பாவுக்கு சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்கு நான்தான் கேள்வி கேட்டேன், சூப்பரா பாஸ் பண்ணான். உன்கிட்ட சொல்ல பயந்துட்டான்மா."

வேறொரு நாளாக இருந்தால் 'பண்ணார், பயந்துட்டார்' என்று திருத்தியிருப்பேன். அன்றைக்குத் திருத்தத் தோன்றவில்லை.

"ஒனக்கும் எங்கிட்டச் சொல்லத் தோணலையா?"

"அது உங்க ரெண்டு பேர் மேட்டர்மா. அப்புறம், அந்த மலைக்கு நீங்க நெஜமாவே போவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. அது சும்மா நீங்க பேசிக்கிற விஷயம்னு நினைச்சேன்."

என் வாழ்க்கைத் திட்டம், என் மகளுக்கு நாங்கள் சும்மா பேசிக்கிற விஷயம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வாழ்நாளில் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஜீப்பில் வாந்தி எடுத்தாள்.

அடுத்துத் தம்பிக்குப் போட்டேன். மாமா வரமாட்டார் என்றதும் அவன் ஆச்சரியப்படவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"ஒனக்கும் தெரியுமாடா?"

"பொங்கலப்பவே போன்ல சொல்லிட்டாருக்கா. 'ஒங்க அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாரு. பெரியவுக சொல்லும்போது நான் என்ன செய்ய?"

"அப்பறம்?"

"அப்பறம் என்ன... யாரும் வரப்போறதில்லன்னு ஆயிருச்சு. நம்மூரு ஆளு ஒருத்தரு குத்தகைக்குக் கேட்டாரு. அஞ்சு வருசத்துக்கு விட்டுரலாம்னு பேசி வச்சிருக்கேன். ஆனி பொறந்ததும் எழுதிரலாம்னு..."

"பாதித் தோட்டம் என்னுது குமரேசா. நான் செத்தா போனேன்?"

ஜீப் ஹாரனும் பஸ் ஹாரனும் அவன் பக்கத்திலிருந்து கேட்டன. கடைவாசலில் நின்றிருக்கிறான். தம்பி, மகள், கட்டினவர், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மனசு உடைந்துவிடக் கூடாது என்று ஆளாளுக்கு அக்கறைப்பட்டு, கடைசியில் என் மண்ணையே கைமாற்றப் பார்த்திருக்கிறார்கள். இந்த அக்கறைக்குப் பதில் நாலு வசவு திட்டியிருக்கலாம்.

"எழுதாத. ஆடிக்கு நான் வர்றேன்."

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

"மழைக்காலத்துல மலையில ஒத்தப் பொம்பள எப்பிடிக்கா..."

"டேய், வெள்ளக்காரக் கெழவங்களப் பொரட்டிப் போட்டுக் குளிப்பாட்டுறவ நான். ஏலச்செடி என்னைய என்ன செஞ்சிரும்?"

சிரித்துவிட்டான். பிறகு கவலையாகச் சொன்னான். "வாக்கா. ஆனா வந்தா எடுப்பு முடியிற வரைக்கும் இருக்கணும். மாசி வரைக்கும். பாதியில விட்டுட்டு நீ பிளேன் ஏறிட்டா ஆளுக நிக்காதுக, நானும் குத்தகைக்காரர்கிட்ட மறுபடி போயி நிக்க முடியாது."

சரி என்றேன். ஆக, என் கையில் இருக்கும் ஆறு மாத அட்டையோடு போனால், ஒன்று தோட்டம் போகும், அல்லது இந்த ஊர் வேலையும் வீடும் போகும். ஒரு வருட அட்டை கிடைத்தே ஆகவேண்டும்.

6

அலுவலகத்துக்குக் காரில் கூட்டிப்போனவர் என் வீட்டுக்காரர்தான். நான் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த ஒரு வாரமாக வீட்டில் பாத்திரம் கழுவுவது, துணி காயப்போடுவது எல்லாம் அவர்தான். குற்றவாளிக் களை முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அதிகாரி இளம்பெண். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். கணினியையும் பார்த்தாள்.

"உங்கள் கணவர் குடியுரிமை வாங்கிவிட்டாரே. நீங்களும் அதற்கே விண்ணப்பிக்கலாம். உங்களுக்குத் தகுதி இருக்கிறது. எவ்வளவு நாள் வெளியே இருந்தாலும் கவலை இல்லை."

நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் யோசிக்காமல் இல்லை. அதை வாங்கினாலும் அப்பா கொடுத்த பங்கு என்னிடம்தான் இருக்கும். ஆனால் வெளிநாட்டுக்காரியாகிவிட்டால் தோட்ட நிலம் புதிதாக வாங்க நம் ஊர்ச் சட்டம் விடாது. நாளைக்குத் தம்பி தன் பங்கை விற்கிற நிலை வந்தால், அங்கே குடியிருக்கும் இந்தியராக அதை வாங்கிக்கொள்ளும் வழி எனக்கு இருக்கவேண்டும். இது கணக்கு. கணக்கைத் தாண்டியும் ஒன்று உண்டு. இரண்டு பேர் கொடுத்துக்கொண்ட வாக்கில் ஒருவர் பிறழ்ந்துவிட்டார் என்பதற்காக இன்னொருவரும் பிறழ வேண்டுமா?

"ஒரு வருட அட்டை போதும்" என்றேன்.

"ஒரு நாள் கூடினாலும் செல்லாது. நினைவிருக்கட்டும்."

"இருக்கும்."

கைரேகை வைத்தேன். அட்டை சில வாரத்தில் வரும் என்றாள்.

வெளியே வந்து வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்தோம். அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நெசமாவே போறயா தனம்?"

"போறேன்."

"தை மாசம் வாக்குல நானும் வந்து எட்டிப் பாக்குறேன். பழைய பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணச் சொல்லிட்டாங்க. இனிமே ஊருக்கு வரணும்னா எனக்கும் விசா வேணும்ல." போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். "ஆயுசுக்கும் செல்லுற கார்டு ஒண்ணு இருக்கு, எத்தன நாளு வேணும்னாலும் இருக்கலாமாம். இல்லன்னா டூரிஸ்ட்டு விசா. அதுல அஞ்சு வருசம், ஒரு வருசம், முப்பது நாளுன்னு போட்ருக்கான். எதுக்குப் போடட்டும்? இதெல்லாம் நீதான பாப்ப."

இந்தக் கேள்வியை ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், ஆயுசுக்கும் செல்லும் கார்டுக்கு நானே உட்கார்ந்து எழுதியிருப்பேன். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, வரத் தோன்றுகிறபோது கதவு திறந்திருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். சிலமலையில் பிறந்த மனிதர், போடிக்கு வர எந்த விசா எடுப்பது என்று என்னிடம் கேட்கிறார். கேட்கும்போது குரல் தழுதழுக்கிறது. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டேன்.

"டூரிஸ்ட்டு போதும்" என்றேன். "முப்பது நாளு."

அவர் மறுபேச்சுப் பேசாமல் போனில் அதையே தொட்டார்.